நாற்பத்தொரு விநாடி

அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும், அதுதான் பேச்சு. கல்லூரி ஆலோசகர் ரெஜினா மேடம் அதை அவ்வளவு பளிச்சென்று சொல்லியிருக்க வேண்டாம் என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது. கொஞ்சம் கழித்து, பளிச்சென்று சொன்னதே நல்லது என்றும் தோன்றியது. "யுகேந்திரன் உள்ளதான் இருக்கான் சார். நீங்க வந்திருக்கறது அவனுக்குத் தெரியும். ஆனா அவனா எழுந்து வந்து உங்களப் பாக்கணும். இன்னிக்கு முடியலன்னா இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாப்போம். சரியா?" சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தவர்தான். கல்லூரியின் தரைத்தளத்தில் நூலகத்தை ஒட்டிய நடை. மூன்று இருக்கைகளை ஒரே கம்பியில் பொருத்திய இரும்பு பெஞ்சு. எதிரே மாணவர் ஆலோசனை அறை என்று எழுதிய கதவு, அதன் பின்னால் அவருடைய ஒரே மகன். மணி பத்து நாற்பது. உள்ளே பேசுகிறார்களா சும்மா இருக்கிறார்களா என்று தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தார். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. இருபத்தாறு வருஷம் எஞ்சின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது, இந்த நேரத்தில் அது வேறு. பேசினால் நல்லதா, பேசாமல் இருந்தால் நல்லதா? பேசுகிறான் என்றால் என்னைப் பற்றித்தான் பேசுவான். பேசட்டும். என்ன வேண்டுமானாலும் பேசட்டும், பேசுவதற்கு உள்ளே இருக்கிறானே, அது போதும் என்று நினைத்தார். நினைத்த மறுகணம் அது போதவில்லை.

ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று மேடம் நேற்றே போனில் சொல்லியிருந்தார். "ஏன் இப்படிப் பண்ணே, எங்கள நெனச்சுப் பாத்தியா, உனக்கு என்ன கொறச்சல், இந்த மூணும் வேணாம் சார். பதில் அவனுக்கே தெரியாது." அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் ஏகாம்பரத்திடம் மிச்சம் என்ன இருக்கிறது? காலையில் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறியதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். எப்படி இருக்கே என்று ஆரம்பிக்கலாம் என்றால், எப்படி இருக்கிறான் என்று தெரிந்துதானே வந்திருக்கிறோம். நாங்க இருக்கோம்டா என்றால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று அவன் கேட்க மாட்டான், முகத்தில் மட்டும் தெரியும். எல்லாம் சரியாயிடும் என்றால், என்ன சரியாகும் என்று எனக்குத் தெரியுமா? ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்ப்பதும், பாதியில் அது நின்றுவிடுவதுமாக சேலம் வந்துவிட்டது. சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதும் அதே. பக்கத்து இருக்கைக்காரர் "என்ன சார்?" என்று கேட்டபோதுதான் தான் வாய்விட்டே சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்தது.

நேற்று மூன்று மணிக்கு அந்த போன் வந்தபோது முகத்தில் சவர சோப்போடு நின்றுகொண்டிருந்தார். "பதறாதீங்க. பையன் பத்திரமா இருக்கான். எங்க கூடத்தான் இருக்கான்." பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் கை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. பத்திரமில்லாத ஒன்று பக்கத்தில் வந்து போகாமல் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பிறகு மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு வாரமாக வகுப்புக்கே போகவில்லை. விடுதி அறையில் படுத்தே கிடந்திருக்கிறான். ஹெட்போனை ஒருவனுக்கும் சைக்கிளை இன்னொருவனுக்கும் வைத்துக்கொள் என்று கொடுத்திருக்கிறான். நேற்று மதியம், கூடப் படிக்கிற மோனிஷா என்ற பெண்ணுக்கு, எல்லாத்துக்கும் மன்னிச்சிடு என்று ஒரு நீளமான செய்தி அனுப்பியிருக்கிறான். அந்தப் பெண் அதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காரவில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த அறைக்கு ஓடி வந்திருக்கிறாள். வார்டனும் மேடமுமாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள், அவன் திறந்திருக்கிறான். அந்த போனுக்குப் பிறகு, சாயங்காலமே டவுனில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டி, மாத்திரை ஆரம்பித்து, தனியாக விடக் கூடாது என்று வார்டன் கூடவே படுத்திருக்கிறார். அந்தப் பெண்ணை ஏகாம்பரம் பார்த்ததில்லை. இந்த நடையில் போகிற ஒவ்வொரு பெண்ணையும் இவளாக இருக்குமோ என்று பார்க்கிறார். அவள் போனைப் பையில் போட்டிருந்தால்? சார்ஜில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போயிருந்தால்? படித்துவிட்டு, சும்மா சொல்றான் என்று நினைத்திருந்தால்? அங்கே போய் நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று மனசை இழுத்தால் அது அங்கேயேதான் போய் நிற்கிறது.

அவனும் போன் பண்ணினானே, எனக்கு. போன மாசம் பதினெட்டாம் தேதி, மதியம் இரண்டு பத்து. ஏகாம்பரம் சரக்கு ரயில் ஓட்டுகிறவர்; வெளியூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு அடுத்த டூட்டிக்கு முன் தூங்குவதற்கு ரன்னிங் ரூம் என்று உண்டு, அங்கே ஜன்னலுக்குப் போர்வையை மாட்டிவிட்டு அப்போதுதான் கண்ணை மூடியிருந்தார். "அப்பா, தூங்கிட்டீங்களா?" "ம். சொல்லு." "இல்ல, சும்மாதான்." "உடம்பு கிடம்பு சரியில்லையா?" "நல்லாத்தான் இருக்கேன்." "அப்புறம் இன்னாடா, டூட்டிக்குப் போகணும். அம்மாகிட்ட பேசு." "சரிப்பா." அவ்வளவுதான். காலையில் ரயிலில் போனை நோண்டியபோது அந்த அழைப்பு இன்னும் அழியாமல் இருந்தது: நாற்பத்தொரு விநாடி. அவ்வளவு நேரமா பேசினோம்? கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தப் பேச்சை அவன் பங்கு, தன் பங்கு இரண்டையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பதினாலு விநாடிதான் வந்தது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், பதினாறு. மிச்ச இருபத்தைந்து விநாடி யாரும் பேசவில்லை. அது அவருக்கு நினைவே இல்லை. சும்மாதான் என்றதற்கு அப்புறம் அந்த இருபத்தைந்து விநாடியும் அவன் அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். இந்தப் பக்கம் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். குறட்டைகூட விட்டிருக்கலாம். விட்டிருப்போமா?

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கலாவதி. நேற்றிலிருந்து தலைசுற்றல், படுத்த இடத்தை விட்டு எழுந்தால் விழுகிறாள் என்று தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். "என்னங்க, பாத்தீங்களா?" "இல்ல. உள்ள இருக்கான்." "உள்ளன்னா? இன்னுமா பாக்கல? என்னதான் பண்றாங்க?" "பேசறாங்க கலா." "சாப்பிட்டானான்னு கேட்டீங்களா? எங்க அண்ணன் போன் பண்ணாரு. நான் ஒண்ணும் வாயத் தெறக்கல. டைபாய்டு காய்ச்சல்னு சொல்லிட்டேன்." டைபாய்டு என்று அவள் தேர்ந்தெடுத்துச் சொன்னது அவருக்கு ஏனோ வலித்தது. "ஏன் அப்படிச் சொன்னே?" "வேற இன்னான்னு சொல்றது? நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. நாளைக்கு அவனுக்குத்தான் கஷ்டம்." குரல் உடைந்தது. "நான் நல்லாத்தானேங்க வளத்தேன்?" "நீ ஒண்ணும் பண்ணல." அப்படியானால் யார் பண்ணியது என்று அடுத்த கேள்வி வந்து நின்றது, அவள் கேட்கவில்லை, இவருக்குள்ளேயே நின்றது. "வெள்ளிக்கிழமை உன்னையும் வரச் சொல்றாங்க." "என்னையா? எனக்கு இன்னா?" "பேசறதுக்குத்தான்." "நான் இன்னாத்த பேசப் போறேன்" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. இந்த முறை அவரும் வைக்கவில்லை.

வண்டியில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதுதான் விதி. தூரத்தில் சிக்னல் தெரிகிறது. பக்கத்து இருக்கையில் இருக்கிற அசிஸ்டென்டுக்கும் கண் இருக்கிறது, இவருக்கும் இருக்கிறது, இருந்தாலும் ஹோம் சிக்னல் பச்சை என்று அவன் உரக்கச் சொல்ல வேண்டும், பச்சை என்று இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு பயணத்தில் இருநூறு தடவை சொல்லியிருப்பார். நிமிஷத்துக்கு ஒருமுறை எஞ்சினுக்குக்கூட, நான் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று ஒரு பித்தானை அமுக்கிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வண்டி தானே நின்றுவிடும். அப்படி இரண்டு நாள், மூன்று நாள் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கத் தோன்றாது. சாப்பிட்டியா, படிச்சியா, லைட்டை அணை. பதினோராவது வரை பையனும் பேசிக்கொண்டுதான் இருந்தான், ஓட்டப்பந்தயம், ஃபிசிக்ஸ் சார், அது இது என்று. எப்போது நின்றது? நின்றது என்பதே எப்போது தெரிந்தது? நல்ல மார்க் வாங்கினான். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை பேசாமல் இருந்தால் அதை அடக்கம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவரும் சொன்னார்.

கதவு திறந்தது. எழுந்துவிட்டார். ரெஜினா மேடம் மட்டும்தான். கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, கையில் ஒன்றுமில்லை. கையில் காகிதம் எதுவும் இல்லாததைக் கண்டு ஏகாம்பரத்துக்குப் பாதி உயிர் வந்தது, ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அவனோட அனுமதியோடதான் கேக்கறேன்."

"கேளுங்க மேடம்."

"அவன் பதினொண்ணாவது படிக்கறப்போ ஒரு நாள், நீங்க வீட்டுக்குள்ள வந்ததும் வராததுமா அவனோட ஸ்கூல் பையத் தூக்கி வாசல்ல வீசினீங்களாமே?"

ஏகாம்பரம் பெஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தப்பு பண்ணோம்னு அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலயாம். அதுக்கப்புறம் எது சொல்ல வந்தாலும் முதல்ல உங்க முகத்தப் பாப்பானாம். பாத்துட்டுச் சொல்லாம விட்டுடுவானாம். அதான் எல்லாத்துக்கும் காரணம்னு நான் சொல்ல வரல. அப்படி ஒரே காரணம்னு எதுவும் கிடையாது சார். ஆனா அது அவனுக்குள்ள இருக்கு."

அவன் மறந்திருப்பான் என்று நினைத்திருந்தார். இல்லை, நினைத்தும் பார்க்கவில்லை. அந்த நாளில் பையை வீசியது அவருக்கு ஒரு ஓரம். நடு எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலம் ஐந்து மணி, வெயில் இறங்காத நேரம், நேரான தண்டவாளம். தூரத்தில் ஒரு உருவம் தண்டவாளத்தின் மேல் வந்து நின்றது. ஹாரனை அமுக்கினார், விடவே இல்லை. பிரேக் போட்டார். நிலக்கரி ஏற்றிய வண்டி, போட்டால் முக்கால் கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கும், அது அவருக்குத் தெரியும், இருந்தாலும் நின்றுவிடும் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அசிஸ்டென்ட் முகத்தை மூடிக்கொண்டான். இவர் மூடவில்லை, ஓட்டுகிறவன் மூடக் கூடாது. பையன். பதினெட்டு, இருபது இருக்கும். தோளில் பை. இரண்டு தோளிலும் பட்டையை ஒழுங்காக மாட்டி, வகுப்புக்குப் போகிறவன் மாதிரி. அந்தப் பைதான். எதையும் அவர் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை, எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தார், மேலதிகாரி "நார்மலா இருக்கீங்களா?" என்றதற்கு நார்மல் சார் என்றார், பேசுவதற்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்யட்டுமா என்றதற்கு அதெல்லாம் வேணாம் சார் என்றார். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் சோபாவின் மேல் பை, பட்டை இரண்டும் மேலே நிமிர்ந்தபடி. கண்ட எடத்துல வெக்காதடா என்று கத்தியது யார் குரல் என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் போய் விழுந்தது, ஜியோமெட்ரி பாக்ஸ் திறந்து காம்பஸும் பென்சிலும் சிதறின. யுகி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். இவர் போய்க் குளித்தார். வெகுநேரம் குளித்தார்.

"மேடம்" என்றார். "அன்னிக்கு வண்டியில ஒரு பையன்…" அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மேடம் கையை உயர்த்தி நிறுத்தவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. புரிந்துகொண்ட மாதிரி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

"வீட்ல தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நாலு வருஷமாச்சு. நான் அவன்கிட்ட எப்படிச் சொல்றது மேடம்? அதுவும் இப்போ? அவன் இருக்கற நெலமையில நானே அதைப் போய் அவன் தலைக்குள்ள ஏத்தறதா? அப்புறம் ராவும் பகலும் அவனுக்கு அதுவே…" முடிக்கவில்லை. முடிக்க அவரால் ஆகாது. சொன்னால் தப்பு, சொல்லாவிட்டால் அந்தப் பை இன்னும் வாசலிலேயே கிடக்கும். எப்படிப் பிரேக் போட்டாலும் வண்டி அவன் மேல்தான் போகிறது.

ரெஜினா மேடம் சொன்னார்: "அங்க என்ன நடந்துச்சுன்னு விவரம் வேணாம் சார். எப்படி, எங்க, அதெல்லாம் இப்ப அவனுக்குத் தேவையே இல்ல. அவன் கேட்டாலும் சொல்லாதீங்க, அதை நாம அப்புறம் டாக்டரோட சேர்ந்து பாப்போம். ஆனா அன்னிக்கு உங்களுக்கு என்ன ஆச்சு, உங்க மனசு என்ன பாடுபட்டுச்சு, அது அவனுக்குச் சொந்தமான விஷயம். அதைச் சொல்லணும்னு தோணினா சொல்லுங்க. தோணலன்னா சும்மா பக்கத்துல உக்காருங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

மணி பதினொன்று பத்து. அந்த நேரம் பார்த்து பெல் அடித்தது. மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள், நூறு பேர், இருநூறு பேர், நடை முழுக்கச் சிரிப்பும் செருப்புச் சத்தமும். எல்லார் முதுகிலும் பை. ஏகாம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, பார்த்தால் என்ன என்று நிமிர்ந்து பார்த்தார். சிவப்புப் பை, கறுப்புப் பை, ஜிப் அறுந்த பை, ஒருத்தி பையில் வாட்டர் பாட்டில் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் போகிற போக்கில் இவர் கால் தட்டி "சாரி அங்கிள்" என்றான். இவர்களில் எத்தனை பேர் அப்பாவுக்கு போன் பண்ணி, சும்மாதான் என்று சொல்லியிருப்பார்கள்? இப்போது கதவு திறந்தால் இந்தச் சத்தத்தில் அவன் பயந்துவிடுவான், இப்போது திறக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். கூட்டம் வடிந்தது. இப்போது திறக்கலாம் என்று நினைத்தார். திறக்கவில்லை. பதினொன்று பதினெட்டு. வரமாட்டான். வரமாட்டான் என்றால் ஆத்திரப்படக் கூடாது, நாளைக்கு இதே பெஞ்சில் வந்து உட்கார வேண்டும், லீவு சொல்லியாயிற்று, நாளை மறுநாளும் உட்கார வேண்டும். வராவிட்டாலும் அப்பா வெளியே இருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும். போதுமா?

கதவு திறந்தபோது அவர் அதைப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம்தான் கேட்டது. யுகி நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான், தாடி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது, மாத்திரையோ என்னவோ, கண் பாதி சொருகியிருந்தது. முதலில் அவர் முகத்தைப் பார்த்தான். மேடம் சொன்ன அதே பார்வைதான் என்று ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அது தன்மேல் விழுந்துகொண்டிருந்தும் இப்போதுதான் அதைப் பார்க்கிறார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார். பையன் வந்து, நடு இருக்கையை விட்டுவிட்டு அந்தப் பக்க ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சாப்பிட்டியா?" ரயில் முழுக்கத் தேடியதில் கடைசியில் வந்தது அதுதான்.

"ம். இட்லி." கொஞ்சம் பொறுத்து, "அம்மா வரலியா?"

"தலை சுத்துதாம். வெள்ளிக்கிழமை வரா."

மறுபடி ஒன்றுமில்லை. இருபத்தைந்து விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று ஏகாம்பரத்துக்கு இப்போது தெரிந்தது. அது முடிவதற்குள் பேசிவிட வேண்டும் என்று அவசரமாக, தலையும் வாலும் இல்லாமல் ஆரம்பித்தார். "அன்னிக்கு உன் பைய வீசினேன்ல. நீ ஒண்ணும் பண்ணலடா. உம்மேல கோவமே இல்ல. அன்னிக்கு டூட்டியில ஒண்ணு ஆயிடுச்சு, உன் வயசுப் பையன் ஒருத்தன். அதுக்கு மேல நான் சொல்லல. வீட்டுக்கு வந்து உன் பையப் பாத்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. பயம். உன்னப் பாக்கவே பயமா இருந்துச்சு. பயந்தா கத்தறதத் தவிர வேற எனக்கு ஒண்ணும் தெரியலடா."

யுகி அசையவில்லை. வலது கை விரலால் இடது கை நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். சொன்னது தப்போ? விவரம் சொல்லிவிட்டோமோ?

"அதனாலதான் நீங்க கூடத்துல தூங்கறதா?" என்றான் யுகி. "லைட்டு போட்டுக்கினு?"

"ம்."

"நாலு வருஷமா?"

"ம்."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"இல்ல."

"அம்மாகிட்ட கூட?"

தலையை மட்டும் ஆட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; பையன் முன்னால் அழுததில்லை, துடைத்துக்கொள்ளலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. யுகி எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "என்னால முடியலப்பா" என்றான். "காலையில எந்திரிக்கவே முடியல. ஏன்னு தெரியல."

ஏன் என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. "சரிடா" என்றார். "சரி." அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் நடு இருக்கையில் தன் கையை வைத்தார், உள்ளங்கை மேலே பார்க்க. பையன் அதைப் பார்த்தான், தொடவில்லை.

உள்ளே மேடம் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. யுகி எழுந்தான். போய்விடுகிறான் என்று ஏகாம்பரம் நினைத்தார். போகட்டும், வந்தானே, நாளைக்கு வருவோம். ஆனால் அவன் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டி, தேய்ந்த குரலில், "மேடம், அப்பாவும் பேசணும். இன்னொரு சேர் இருக்கா?" என்று கேட்டான். பிறகு திரும்பி, "வாங்கப்பா" என்றான்.

ஏகாம்பரத்தால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. யுகி கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு காலால் தடுத்துப் பிடித்தபடி, அவசரப்படுத்தாமல் நின்றான்.